குப்பை மேட்டு பயோகவர் சரியா வேலை செய்யலையா? அறிகுறியை வச்சு கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

செட்டிநாட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் வெளியில ஒரு பழைய குப்பை மேடு இருக்கு. பயோமைனிங் பண்ணி, அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரிச்சு, அள்ளுற வரைக்கும் அது உள்ளுக்குள்ள மக்கி மீத்தேனை விட்டுக்கிட்டேதான் இருக்கும். குழாய் இறக்கி கேஸை உறிஞ்சி எரிக்கிற அளவுக்கு இந்தச் சின்ன மேடுகள்ல கேஸும் வராது, ஊராட்சிக்கிட்ட காசும் இருக்காது. அதனால மேல மக்கின உரத்தைப் பரப்பி, அதுல வாழுற பாக்டீரியாவை வச்சே மீத்தேனைத் தின்ன வைக்கிற பயோகவர் நமக்கு நல்ல பொருத்தம். ஆனா போட்டு முடிச்ச பிறகுதான் தலைவலி ஆரம்பிக்குது, நாத்தம் போகலை, மீத்தேன் மீட்டர் இறங்கலை, மழையில குமிழ் விடுதுன்னு ஒவ்வொண்ணா வரும். அப்படி வர்ற ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்க பார்க்கணும், என்ன பண்ணணும்னு இங்க எழுதுறேன்.

ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். பிரச்சனை எதுவா இருந்தாலும் நம்ம ஆளுங்க செய்ற முதல் வேலை மேல இன்னும் மண்ணைக் கொட்டுறதுதான். ஒரு கிடங்குல காவல் பார்க்கிற அண்ணன் கேட்டார், "தம்பி, ரெண்டு லோடு சரளை அடிச்சு ஜேசிபியை விட்டு நசுக்கிட்டா நாத்தம் நின்னுரும்ல?" "இல்லண்ணே, நாத்தம் நிக்கிற மாதிரி தெரியும், காத்து உள்ள போகாம பாக்டீரியா செத்துரும், மீத்தேன் எங்கயாச்சும் ஓரத்துல ஓட்டை பார்த்து மொத்தமா வெளிய வரும்"னேன். கீழ வர்ற எல்லா அறிகுறிக்கும் இதுதான் அடிப்படை, காத்து போற வழியை அடைக்கிற எந்த வைத்தியமும் வைத்தியமே இல்லை.

வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி உசுரைப் பார்த்துக்கோங்க

மீத்தேன் காத்துல 5 சதவீதத்துலேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் இருந்தா ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். குழி தோண்டுற இடத்துல பீடி, செல்போன் டார்ச், வெல்டிங் எதுவும் வேணாம். மீத்தேனுக்கு நிறமும் கிடையாது வாடையும் கிடையாது, நமக்கு மூக்குல அடிக்கிறது அதுகூட வர்ற ஹைட்ரஜன் சல்பைடும் மத்த கந்தக வாயுவும்தான். அந்த ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) பக்கம் போனா மூக்கு மரத்துப் போயிரும், நாத்தம் திடீர்னு நின்னுட்டா நல்லதாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, உடனே மேல ஏறி காத்து வர்ற திசையில நில்லுங்க. லீச்சேட், அதாவது குப்பையிலேர்ந்து வடியிற கழிவுத் தண்ணி, சேர்ற கிணத்துக்குள்ள யாரையும், எதுக்காகவும் இறக்காதீங்க. தூய்மைப் பணியாளர்கள் உசுரு அவ்வளவு மலிவு இல்லை, ஒரு வாளி விழுந்துருச்சுன்னா புது வாளி வாங்கிக்கலாம்.

கவர் ஒழுங்கா இருந்தா எப்படி இருக்கும்

இது தெரியாம எது கெட்டுப் போச்சுன்னு சொல்ல முடியாது. கீழ குப்பை, அதுக்கு மேல 15லேர்ந்து 30 சென்டிமீட்டர் ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ, வர்ற கேஸ் ஒரே இடத்துல பீறிடாம எல்லா இடத்துக்கும் பரவுறதுக்காக. அதுக்கு மேல 80 சென்டிமீட்டர்லேர்ந்து ஒரு மீட்டர் வரைக்கும் நல்லா மக்கின உரமும் மரத்துண்டு மாதிரி பொருளும் கலந்த அடுக்கு. கீழேர்ந்து மீத்தேன் ஏறுது, மேலேர்ந்து ஆக்சிஜன் இறங்குது, ரெண்டும் சந்திக்கிற இடத்துல பாக்டீரியா உக்காந்து மீத்தேனை கார்பன் டை ஆக்சைடாவும் தண்ணியாவும் மாத்துது, சூடும் வரும். இந்த மாதிரி பாக்டீரியாவை 1906லயே நெதர்லாந்துல சோன்கென்னு ஒரு ஆராய்ச்சியாளர் பிரிச்சுக் காட்டிட்டார்.

கார்பன் டை ஆக்சைடு வந்தா என்ன லாபம்னு கேப்பீங்க. எடைக்கு எடை பார்த்தா மீத்தேன் நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 28 மடங்கு பக்கம், இருபது வருஷக் கணக்குல 80 மடங்குக்கும் மேல பூமியைச் சூடாக்கும். அதோட குப்பையில இருக்கிற சோறும் இலையும் மக்கி வர்ற கார்பன் டை ஆக்சைடு எப்படியும் காத்துலேர்ந்து போனதுதான், திரும்பப் போகுது.

கணக்கு ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, 1 கிராம் மீத்தேனை முழுசா எரிக்க 4 கிராம் ஆக்சிஜன் வேணும். ஒரு சதுர மீட்டர்ல நாளைக்கு 100 கிராம் மீத்தேன் வந்தா 400 கிராம் ஆக்சிஜன், அதாவது ஒன்றரை கன மீட்டர் காத்துல இருக்கிற அத்தனை ஆக்சிஜனும் அந்த ஒரு மீட்டர் உரத்துக்குள்ள இறங்கியாகணும். சரளையை அடிச்சு நசுக்குனா அது எப்படி இறங்கும்?

எதைச் செய்றதுக்கும் முன்னாடி ஒரு குழி

மீட்டரை நம்புறதுக்கு முன்னாடி கையை நம்புங்க. மம்பட்டியும் கடப்பாரையும் எடுத்து, நல்லா இருக்கிற இடத்துல ஒண்ணு, சந்தேகமான இடத்துல ஒண்ணு, ரெண்டு அடி ஆழத்துக்கு நேரா வெட்டி ஒரு பக்கச் சுவரை மட்டும் மம்பட்டியால சுத்தமா சீவி விட்டுப் பாருங்க. மேல நாலு விரல் காஞ்சு சாம்பல் நிறத்துல இருக்கும், அது பரவாயில்லை. அதுக்குக் கீழ பழுப்பா, விரல்ல தேய்ச்சா உதிர்ற மாதிரி, மழை பெஞ்ச மண் வாசனையோட இருந்தா உசுரோட இருக்குன்னு அர்த்தம். ஒரு அடியிலயே கறுத்து, சாக்கடை வாடை வந்தா ஆக்சிஜன் அங்க வரைக்கும் இறங்கலை. ஒரு பிடி எடுத்து இறுக்குங்க, உருண்டையா நிக்கணும், விரலிடுக்குல தண்ணி சொட்டக் கூடாது, கட்டை விரலால தட்டினா உடையணும். சொட்டினா ஈரம் ஜாஸ்தி, உருண்டையே பிடிக்கலைன்னா ஈரம் பத்தாது. உரக் கலவைக்கு மொத்த எடையில 30லேர்ந்து 50 சதவீதம் ஈரம்னு கணக்கு வச்சுக்கலாம், வெறும் மண்ணுன்னா 10லேர்ந்து 20 போதும்.

கூடவே நீளமான தெர்மாமீட்டர் கம்பியை 10, 30, 50 சென்டிமீட்டர்னு இறக்கி சூடு எழுதிக்கோங்க. பாக்டீரியா வேலை பார்த்தா அந்த இடம் சுத்து மண்ணை விட வெதுவெதுன்னு இருக்கும். 25லேர்ந்து 35 டிகிரி அதுக்கு ரொம்பப் பிடிச்ச சூடு, 40ஐத் தாண்டினா சோர்ந்து போக ஆரம்பிக்கும்.

வெளிய வர்ற மீத்தேனை அளக்க 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். 30 சென்டிமீட்டர் வாய் இருக்கிற வாளியைக் கவுத்து ஓரத்தை ஈர மண்ணால அணைச்சு, அடியில சின்ன ஓட்டை போட்டு மீட்டர் குழாயை விட்டு பத்து நிமிஷம் பாருங்க. நிமிஷத்துக்கு 100 பிபிஎம் ஏறினா அது சதுர மீட்டருக்கு நாளைக்கு சுமாரா 26 கிராம் மீத்தேன். ஒரே இடத்துல அளந்து முடிவு பண்ணாதீங்க, பத்தடி தள்ளி அளந்தா பூஜ்ஜியம்னு காட்டும், இன்னும் பத்தடி தள்ளினா எகிறும்.

அறிகுறி: போட்டு ஒரு மாசம் ஆச்சு, எதுவும் குறையலை

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, பாக்டீரியா இன்னும் பெருகலை, அதுக்கு சில வாரம் பிடிக்கும், பொறுமையா ஈரத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருங்க. பழைய கவர் நல்லா ஓடுற இடம் பக்கத்துல இருந்தா அங்கேர்ந்து ஒரு டிராக்டர் மண் அள்ளிட்டு வந்து கலந்து விட்டா சீக்கிரம் பிடிச்சுக்கும்.

ரெண்டாவதுதான் நம்ம ஊர்ல அடிக்கடி நடக்குறது, உரம் பச்சையா இருக்கு. மக்காத உரம் தானே மக்குறதுக்கு ஆக்சிஜனைக் குடிச்சிரும், மீத்தேன் தின்னும் பாக்டீரியாவுக்கு மிச்சம் இருக்காது. சில சமயம் அந்த உரமே உள்ள காத்தில்லாம அழுகி மீத்தேனை விட ஆரம்பிச்சிரும், மருந்தே நோயாயிடும். கண்டுபிடிக்கிறது லேசு. கவருக்குப் போட்ட உரத்துல ரெண்டு கிலோ எடுத்து, லேசா ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி மூணு நாள் நிழல்ல வைங்க. பிரிச்சதும் மண் வாசனை வந்தா சரி. புளிச்ச வாடையோ அமோனியா நெடியோ மூக்கைப் பிடிச்சா பச்சை உரம்.

அமோனியா நெடி ரொம்பக் கெடுதல், அது மீத்தேனைத் தின்னுற நொதியிலயே போய் ஒட்டிக்கிட்டு மீத்தேனுக்கு இடம் விடாது. கோழி எருவும் பச்சைச் சாணியும் நிறைய கலந்த உரத்துல இது வரும், நைட்ரஸ் ஆக்சைடுன்னு மீத்தேனை விட பல மடங்கு மோசமான வாயு வேற அதுலேர்ந்து கிளம்பும். அதனால வயலுக்கு நல்ல உரம் கவருக்கு நல்ல உரம்னு நினைக்காதீங்க. கவருக்கு வேண்டியது சத்து இல்லை, அடங்கின உரம், ஆறு மாசத்துக்கு மேல கிடந்து சூடு முழுசா ஆறினது.

சிங்கம்புணரி பக்கம் கயிறு தொழில் இருக்கிறதால நார்க்கழிவு லோடு லோடா மலிவா கிடைக்கும், அதை அப்படியே பரப்புற ஆசை எல்லாருக்கும் வரும். பச்சை நார்க்கழிவுல கார்பன் நைட்ரஜன் விகிதம் 112க்கு 1, மக்கிறதுக்காக இருக்கிற கொஞ்ச நைட்ரஜனையும் அதுவே இழுத்துக்கும், உப்பும் இருக்கலாம். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வச்சா 24க்கு 1 பக்கம் இறங்கும், அப்புறம் கலக்கலாம். நான் சொல்றது, மக்கின நார்க்கழிவு கவர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வேணாம், தண்ணியை ரொம்பப் பிடிச்சு வச்சுக்கும், மழைக்காலத்துல அதுவே எதிரியாயிடும்.

சரி பண்ண: பச்சை உரம்னு தெரிஞ்சா முழுசையும் அள்ளிக் கொட்ட வேணாம், மேலடுக்கை மண்வெட்டியாலயோ கல்டிவேட்டராலயோ கிளறி விட்டு, தேங்காய்ச் சிரட்டை உடைச்சதோ மரத்துண்டோ கலந்து, காத்து வாங்க விட்டு ரெண்டு மூணு மாசம் பாருங்க.

அறிகுறி: சித்திரை, வைகாசியில மீட்டர் எகிறுது

காஞ்சு போச்சு, வேற ஒண்ணும் இல்லை. கத்திரி வெயில்ல கறுப்பு உரம் மேல கை வைக்க முடியாது, மேல ஒரு அடி செத்தே போயிரும், வேலை பார்க்கிற அடுக்கு கீழ இறங்கிரும். குழியில ஒன்றரை அடிக்குக் கீழ ஈரம் இருந்தா பயப்படாதீங்க, அங்க ஓடிக்கிட்டு இருக்கும்.

கீழயும் காஞ்சிருந்தா தண்ணி விடணும், விடுற விதத்துலதான் விஷயம். ஒரு தடவை நல்லா வறண்டு காஞ்ச உரமும் நார்க்கழிவும் தண்ணியை உறிஞ்சாது, லாரித் தண்ணியை ஒரேயடியா அடிச்சா வெடிப்பு வழியா நேரா குப்பைக்குள்ள இறங்கி லீச்சேட்டாத்தான் வெளிய வரும், உரம் காஞ்சபடியே இருக்கும். மேல அரை அடியைக் கிளறி விட்டு, சாயங்காலம் சதுர மீட்டருக்கு ரெண்டு மூணு லிட்டர் தெளிச்சு, மறுநாளும் தெளிச்சு, நாலஞ்சு நாள்ல நனைச்சு எடுங்க. நனைஞ்ச பிறகு வைக்கோலோ கடலைக்கொடியோ நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி விட்டா சூடு நல்லா குறையும்.

லீச்சேட்டை மேல தெளிக்கிறதைச் சில இடத்துல பார்க்குறேன், தண்ணியும் மிச்சம் லீச்சேட்டும் காலின்னு. தயவு செஞ்சு பண்ணாதீங்க. அமோனியாவும் உப்பும் சேர்ந்து கவரைப் படுக்க வச்சிரும், தெளிக்கிறவங்க மேலயும் படும்.

கோடையில இன்னொண்ணு, வெடிப்பு. கண்மாய்க் கரம்பையை மூடு மண்ணாப் போட்ட இடத்துல இது நிச்சயம் வரும். வயலுக்குக் கரம்பை தங்கம், ஆனா களி ஜாஸ்தி, காஞ்சா கை நுழையிற அளவுக்குப் பிளக்கும், மீத்தேன் எல்லாம் அந்தப் பிளவு வழியா போகும், மத்த இடத்துல வாளி வச்சு அளந்தா சுத்தம்னு காட்டும். வெடிப்பை மேலாக்க மண்ணைத் தள்ளிப் பூசுனா அடுத்த வாரம் திரும்பப் பிளக்கும். வெடிப்பு போற வழியே ஒரு அடி அகலத்துக்கு, ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி எடுத்துட்டு உரமும் செம்மண்ணும் கலந்து நிரப்புங்க, கேஸ் எப்படியும் அங்கதான் வரப் போகுது, அங்கயே பாக்டீரியாவை உக்கார வைங்க. நம்ம செம்மண் சரளையா, இரும்பு கலந்து இருக்கிறதால கரம்பை அளவுக்கு வெடிக்காது, கலக்கிறதுக்கு அதுதான் நல்லது.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகையில தண்ணி தேங்கி குமிழ் விடுது

நமக்கு மழை அதிகமா வடகிழக்குப் பருவத்துலதான் கொட்டுது, கவருக்கு வருஷத்துல பெரிய சோதனை இந்த மாசங்கள்தான். தண்ணி நிறைஞ்ச ஓட்டைக்குள்ள ஆக்சிஜன் போற வேகம் காத்து இருக்கிற ஓட்டையில போறதை விட பத்தாயிரம் மடங்கு குறைவு, அதனால ஊறிப் போன கவர் மூடியாத்தான் இருக்கும், தின்னாது. குமிழ் வர்ற இடம் கேஸ் பீறிடுற இடம், குச்சி நட்டு அடையாளம் வச்சிடுங்க, மழை விட்ட பிறகு அது தெரியாது.

முதல்ல மேல வாட்டத்தைப் பாருங்க. தெருத் தண்ணியை ஊருணிக்குக் கொண்டு சேர்க்க வாட்டம் விட்டுக் கட்டினவங்க ஊரு இது, மேட்டு மேல ஒரு சொட்டுத் தண்ணி தேங்கக் கூடாது. நூத்துக்கு மூணு அஞ்சு அளவுக்கு வாட்டம் போதும். குப்பை அமுங்கி அமுங்கி நடுவுல குழி விழும், அதை வருஷா வருஷம் ஆவணிக்குள்ள நிரப்பிடணும்.

வாட்டம் சரியா இருந்தும் ஊறிக் கிடந்தா கீழ பாருங்க, இது பலருக்குத் தெரியாத விஷயம். பொடி உரத்துக்குக் கீழ நேரடியா பெரிய ஜல்லி இருந்தா தண்ணி கீழ இறங்கிடும்னுதான் தோணும், ஆனா இறங்காது. உரத்தோட சின்னச் சின்ன ஓட்டை தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும், பெரிய ஜல்லியால அதை இழுக்க முடியாது, உரம் கிட்டத்தட்ட முழுசா நிறைஞ்ச பிறகுதான் சொட்டும். அதனால ஜல்லிக்கு மேல ஒரு சாண் உரம் எப்பவும் சொதசொதன்னு நிக்கும், கேஸ் ஏறுற வழி சரியா அங்கதான் அடைபடும். குழியை ஜல்லி வரைக்கும் வெட்டிப் பார்த்தா, மேல ஈரம் சரியா இருந்து அடியில மட்டும் சொட்டினா இதுதான் நோய். சரி பண்ண ஜல்லிக்கும் உரத்துக்கும் நடுவுல கால் இன்ச் அரை இன்ச் சில்லும் பெருமணலும் ஒரு அரை அடி இருக்கணும், பெரிசுலேர்ந்து சின்னதுக்குப் படிப்படியா மாறணும். முழு மேட்டையும் தோண்ட முடியாதுன்னா குமிழ் வந்த இடங்கள்ல மட்டும் ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் சன்னல் மாதிரி வெட்டி அங்க மட்டும் அடுக்கை மாத்திப் போடுங்க.

ஜல்லிக்குப் பதிலா என்ன போட்டீங்கன்னும் யோசிங்க. இடிச்ச பழைய வீட்டுச் சிதிலம் நம்ம பக்கம் நிறையக் கிடைக்குது, செங்கல்லும் ஓடும் நல்லதுதான், ஆனா செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ல சுண்ணாம்புக் காரை கனமா இருக்கும். குப்பையிலேர்ந்து வர்ற கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் சுண்ணாம்போட சேர்ந்து கரைஞ்சு, வேற இடத்துல போய் படிஞ்சு இறுகிக் கல்லாயிடும், சில வருஷத்துல கேஸ் பரவுற அடுக்கே அடைபட்டுரும். காரையைத் தட்டி எடுத்துட்டு ஓடுகளையும் செங்கல்லையும் மட்டும் உடைச்சுப் போடுங்க.

வங்கக் கடல்ல காத்தழுத்தத் தாழ்வு வந்த நாள்ல அளந்து பயந்துடாதீங்க. வெளிய அழுத்தம் குறையும்போது உள்ள இருக்கிற கேஸ் தானா வெளிய தள்ளும். புயல் நாள்ல ஒரு தடவை, வெறிச்ச நாள்ல ஒரு தடவை அளந்து ரெண்டையும் எழுதி வைங்க.

அறிகுறி: நடுவுல சுத்தம், ஓரத்துலயும் கிணத்துப் பக்கமும் மட்டும் அடிக்குது

கேஸ் லேசான வழியைத் தேடும். சரிவோட அடிவாரம், பழைய போர்க் குழாய், லீச்சேட் கிணத்து மூடி, கரண்ட் கம்பம் நட்ட குழி, சீமைக்கருவேலம் பிடுங்கின ஓட்டை, எல்லாம் அதுக்குக் கதவு. டென்மார்க்ல ஃபாக்சேங்கிற ஊர் கிடங்குல ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணிப் போட்ட கவர்லயே லீச்சேட் கிணறு வழியா கேஸ் கணிசமா தப்பிச்சதைக் கண்டுபிடிச்சாங்க. கவரை எவ்வளவு நல்லாப் போட்டாலும் கிணறு திறந்து கிடந்தா பிரயோஜனம் இல்லை.

கிணத்தை இறுக்கி மூடிட்டா அழுத்தம் ஏறி வேற எங்கயாச்சும் போகும், மூடின கிணத்துக்குள்ள வெடிக்கிற அளவுக்குச் சேரவும் சேரும். மூடியில குழாய் வச்சு அதை ஒரு 200 லிட்டர் டிரம் அடிக்குக் கொண்டு போங்க, டிரம்ல கீழ அரை அடி ஜல்லி, மேல உரக் கலவை, மேல் பக்கம் திறந்து, மழைக்கு ஒரு தகரம் தூக்கி வச்சு. சின்ன பயோகவர் அது. சரிவுல உரம் மழைக்கு வழியாம இருக்க அருகம்புல்லோ வெட்டிவேரோ போடுங்க.

அறிகுறி: அழுகின முட்டை நாத்தம் மட்டும் போகலை

மீத்தேன் இறங்கியும் நாத்தம் மட்டும் போகாம இருந்தா குப்பையில ஜிப்சம் இருக்கான்னு பாருங்க. புது வீட்டு ஃபால்ஸ் சீலிங் பலகையெல்லாம் இப்போ கிடங்குக்குத்தான் வருது, ஈரத்துல காத்தில்லாம கிடந்தா அதுலேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். அதைத் தனியாப் பிரிச்சு ஈரம் படாத இடத்துல வைக்கச் சொல்லுங்க. கவருக்கு அடியில ஒரு சாண் நல்ல சிவப்புச் செம்மண்ணைத் தளர்வா போட்டா அதுல இருக்கிற இரும்பு கந்தகத்தைப் பிடிச்சுக்கும், வெட்டிப் பார்த்தா சிவப்பு மண் கறுத்திருக்கும், அது வேலை நடக்குதுங்கிற அடையாளம்.

அறிகுறி: ஒரு வருஷம் நல்லா ஓடி அப்புறம் படுத்துருச்சு

குழியில ஒரு அடி ஒன்றரை அடி ஆழத்துல விரலுக்கு வழவழன்னு பசை தட்டுதான்னு பாருங்க. மீத்தேன் ரொம்ப வந்தா பாக்டீரியா பசையைச் சுரந்து தானே ஓட்டையை அடைச்சுக்கும். கிளறி, மரத்துண்டு கலந்து, ரெண்டு வாரம் விட்டா திரும்ப எழுந்துக்கும். பசை இல்லாம இறுகிக் கிடந்தா ஆடுமாடு மிதிச்சிருக்கும், இல்ல குப்பை வண்டி ஏறியிருக்கும். வேலி போடுங்க, வண்டிக்குத் தனிப் பாதை விடுங்க. மேட்டு மேல மேயிற ஆட்டுக்கும் அது நல்லது இல்லை. உரம் மக்கி அடுக்கு மெலிஞ்சிருந்தா மேல புதுசு போடலாம், ஆனா பழைய மேல்தட்டைக் கிளறி விட்டுட்டுத்தான் போடணும்.

அறிகுறி: புல்லு வட்ட வட்டமா கருகுது

அந்த வட்டத்துக்கு அடியில கேஸ் பீறிடுது, வேருக்கு ஆக்சிஜன் இல்லாம சாகுது. உரம் போட்டாலும் தண்ணி விட்டாலும் அங்க புல் வராது. வட்டத்தைத் தோண்டி அடுக்கைச் சரி பண்ணுங்க.

அறிகுறி: கம்பி 60 டிகிரி காட்டுது, இல்ல புகை வருது

ஆழம் போகப் போக சூடு குறைஞ்சா உரம் பச்சை, அது தானே காயுது. ஆழம் போகப் போக ஏறினா, மேடு திடீர்னு உள்வாங்கினா, கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஆயிரம் பிபிஎம்மைத் தாண்டினா உள்ள தீ. ஜேசிபியை விட்டுக் கிளறாதீங்க, காத்து கிடைச்சா கொழுந்து விடும், மேல தண்ணி அடிச்சாலும் உள்ள எட்டாது. கூட்டத்தை விலக்கி 101க்கு அடிங்க, அவங்க வர்ற வரைக்கும் புகை வர்ற வாயை தூரத்துலேர்ந்து ஈர மண்ணால மூடலாம். மண்ணால மூடுறது சரியான வைத்தியமா இருக்கிற ஒரே இடம் இதுதான்.

அறிகுறி: மீட்டர் ஒரே இடத்துல மாத்தி மாத்திச் சொல்லுது

மலிவான மீட்டர்ல சென்சார் கேஸை எரிச்சுத்தான் அளக்கும், அதுக்கு ஆக்சிஜன் வேணும். ஆழத்துல ஆக்சிஜன் இல்லாத இடத்துல அது கம்மியாவோ பூஜ்ஜியமாவோ காட்டி ஏமாத்திரும். குழிக்குள்ள அளக்க இன்ஃப்ராரெட் மீட்டர் வாடகைக்கு எடுங்க. மீத்தேன் வெடிக்கத் தொடங்குற 5 சதவீத எல்லையை நூறா வச்சு அதுல எத்தனை சதவீதம்னு காட்டுற மீட்டர்ல 1ங்கிறது 500 பிபிஎம், அதுக்குக் கீழ அதுக்குக் கண்ணு தெரியாது. 2016 திடக்கழிவு விதியில சொல்லியிருந்த எல்லை 25, அதாவது காத்துல 1.25 சதவீதம் மீத்தேன், அது பாதுகாப்புக்கான எல்லை, பருவநிலைக்குப் போதுமான எல்லை கிடையாது.

அறிகுறி: எல்லாம் சரியா இருக்கு, ஆனாலும் இறங்கலை

உரம் மக்கினது, ஈரம் சரி, ஓட்டை இல்லை, சூடும் 35ல நிக்குது, வாளி மட்டும் எகிறுது. அப்போ கவர் தன்னால முடிஞ்சதைத் தின்னுட்டு இருக்கு, கீழ வர்றதுதான் ஜாஸ்தி. நல்லா ஓடுற உரக் கவர் களத்துல சதுர மீட்டருக்கு நாளைக்கு நூறு கிராம் பக்கம்தான் தாங்கும். ரெண்டு வேலை இருக்கு. சன்னல் மட்டும் வச்சிருந்தா பரப்பைக் கூட்டி, அதே கேஸை நாலு பங்கு இடத்துக்குப் பரப்பி விடுங்க. அதோட இன்னிக்கும் அந்த மேட்டுல ஹோட்டல் எச்சில் இலையும் காய்கறிக் கழிவும் கொட்டுறாங்களான்னு விடியக்காலையில போய் நின்னு பாருங்க, கொட்டினா முதல்ல அதை நிறுத்தி உரக்குழிக்குத் திருப்பணும், புதுச் சோறு விழுற மேட்டுக்கு எந்தக் கவரும் ஈடு குடுக்காது. ரெண்டும் செஞ்சும் இறங்கலைன்னா அந்த மேட்டுக்குக் குழாய் இறக்கி எரிக்கிற ஏற்பாடோ சீக்கிரம் பயோமைனிங்கோ வேணும்னு நீங்க எழுதி வச்ச அளவுகளோட பேரூராட்சியில மனு குடுங்க, கவர்ல இருக்கிற உரத்தை வீணாக்காம அள்ளித் தனியா குவிச்சு வைங்க, அதுல இருக்கிற பாக்டீரியா அடுத்த மேட்டுக்கு வித்தா உதவும்.